சைபீரியாவிலிருந்து அலாஸ்காவுக்கு மனிதர்கள் பனிக்கட்டி மேல் நடந்தா போனார்கள்?

இல்லை, தரை மேல்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டர்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அவ்வளவு நீரும் கண்டங்களின் மேல் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. அதனால் அங்கே கடலடியே நிலமானது. வடக்கு தெற்காக 1,000 கி.மீ. அளவுக்கு அகன்ற நிலம் அது. பனிப்பொழிவு குறைவு என்பதால் பனிப்பாளம் மூடவில்லை. மாமத் என்ற சடை யானையும் குதிரையும் மேய்ந்தன. குளிர்தான் எதிரி. சைபீரியாவின் யானா ஆற்றங்கரையில், 30,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய குடியிருப்பில், காது வைத்த எலும்பு ஊசிகள் கிடைத்தன. தோலைத் தைத்து உடுத்தத் தெரியாமல் அந்த வடக்கில் பிழைத்திருக்க முடியாது.

உண்மையான தடை அலாஸ்காவுக்குத் தெற்கே இருந்தது. கனடாவை இரண்டு பெரும் பனிப்பாளங்கள் அடைத்திருந்தன. நடுவே வழி திறந்து, புல்லும் விலங்கும் வந்தது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்தான். ஆனால் அதற்கும் தெற்கே, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், வைட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் உள்ள மனிதக் காலடித் தடங்களின் வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள்! முதலில் அங்கிருந்த நீர்த்தாவர விதைகளின் கார்பனை வைத்து வயதைக் கணித்தார்கள். நீர்த்தாவரம் நீரில் கரைந்த பழைய கார்பனை உறிஞ்சினால் வயது கூடுதலாகக் காட்டும் என்று ஆட்சேபம் எழுந்தது, நியாயமான ஆட்சேபம். 2023இல் ஊசியிலை மர மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணலையும் தனித்தனியே சோதித்தார்கள். அதே வயதுதான் வந்தது.

ஆகவே முதலில் வந்தவர்கள் பசிபிக் கரையோரமாக இறங்கியிருப்பார்கள், அல்லது பனிப்பாளங்கள் சேர்ந்து மூடுவதற்கு முன்பே தெற்கே போயிருப்பார்கள். கரையோர வழியே எனக்கு வலுவாகத் தெரிகிறது. அந்தப் பழைய கரையின் பெரும்பகுதி இன்று கடலுக்கடியில் இருப்பதால் சான்று தேடுவது கடினம்.