ஒளிந்திருக்கும் மரபணு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ பிரித்துக் காட்ட முயன்றோம். வெள்ளை நூல் எதுவும் வரவில்லை, நுரைதான் மிதந்தது. எங்கே பிசகியிருக்கும்?
– அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: முதலில் ஆல்கஹாலைச் சந்தேகியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பழக்கரைசலுக்குச் சம அளவில் ஊற்றினால், கலந்தபின் மிஞ்சுவது 35 சதவீதம்தான். டிஎன்ஏ நன்றாகத் திரள ஏறக்குறைய 50 சதவீதம் வேண்டும். ஆகவே 70 சதவீதம் என்றால் இரண்டு மடங்கு ஊற்றுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் சம அளவு போதும். எத்தனாலாக இருந்தால், 95 சதவீதமே ஆனாலும், இரண்டு மடங்கு தேவை. கை கழுவும் சானிடைசர் ஜெல் உதவாது. அதில் கெட்டிப்படுத்தும் பொருள் கலந்திருக்கிறது.

செய்முறை இது. நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தில் 50 கிராம் எடுங்கள். காய்வெட்டான பழம் வேண்டாம். கனியக் கனியத்தான் செல்சுவரைப் பிணைத்திருக்கும் பெக்டின் உடையும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையால் இரண்டு நிமிடம் பிசையுங்கள். மிக்ஸியில் நெடுநேரம் அரைத்தால் நீளமான டிஎன்ஏ துண்டுதுண்டாக அறுந்துபோகும். பிறகு அதை நூலாகச் சுருட்டி எடுக்க முடியாது. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் உப்பும் 10 மில்லி பாத்திரம் துலக்கும் திரவமும் நுரை வராமல் கலக்கிப் பையில் ஊற்றுங்கள். இதற்கு மேல் குலுக்கவே கூடாது. உங்களுக்கு வந்த நுரைக்குக் காரணம் இந்தக் கட்டத்தில் குலுக்கியதாகத்தான் இருக்கும். பையை 60 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் வைத்தால் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகள் முடங்கும். உடனே ஐந்து நிமிடம் பனிக்கட்டி நீரில் வையுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் பிழியாமல் வடிகட்டி, 10 மில்லியைச் சோதனைக் குழாயில் எடுத்து, முந்தின இரவே ஃப்ரீசரில் இறுக மூடி வைத்த ஆல்கஹாலைக் குழாயின் சுவரை ஒட்டி மெதுவாக இறக்குங்கள். அடுப்போ சாராய விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் வெண்ணூல் எழும்பும்.

சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வைக் கரைக்கிறது. உப்பின் வேலை நுட்பமானது: டிஎன்ஏவின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்த ஏற்றத்தைத் தணிப்பதால்தான் மூலக்கூறுகள் நெருங்கித் திரள்கின்றன. உப்பை விட்டுவிட்டால் ஆல்கஹால் எவ்வளவு ஊற்றினாலும் பலன் குறைவு. ஒளி ஊடுருவும் களிபோல் மிதப்பது பெக்டின். வெண்ணிறமாக நூல் நூலாக எழுவதில்தான் டிஎன்ஏ இருக்கிறது, ஆர்என்ஏவும் புரதமும் கலந்துதான். மாணவர்கள் நுண்ணோக்கியில் முறுக்கேணியை, அதாவது முறுக்கிய ஏணி போன்ற டிஎன்ஏவின் வடிவத்தை, தேடுவார்கள். அதன் அகலம் 2 நானோமீட்டர், பள்ளி நுண்ணோக்கிக்கு எட்டாது. கண்ணுக்குத் தெரியும் ஒரு நூலில் எண்ணற்ற மூலக்கூறுகள் சிக்கிக் கிடக்கின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு பி பாசிடிவ், கணவருக்கு ஏ பாசிடிவ். குழந்தைக்கு ஓ நெகடிவ் என்று வந்திருக்கிறது. வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகிறது. இது சாத்தியமா?
– வாசகி, சேலம்

பதில்: முழுக்க முழுக்கச் சாத்தியம். யாரும் யாரையும் சந்தேகிக்க இதில் துளியும் இடமில்லை.

ரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏபிஓ மரபணு ஒரு நொதியை உண்டாக்குகிறது. ஏ வடிவத்தின் நொதி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டும். பி வடிவம் இன்னொரு வகையை ஒட்டும். பரவலாகக் காணப்படும் ஓ வடிவத்தில் ஓர் எழுத்து, 261-ஆம் இடத்தில் உள்ள ஜி, விடுபட்டிருக்கிறது. அதனால் அதற்குப் பின்வரும் வாசிப்பு முழுதும் தடம் மாறி, வேலை செய்யாத நொதி உருவாகிறது. ஒருவருக்கு இரண்டு பிரதிகளில் ஒன்று ஏ, மற்றது ஓ என்றால் ஏ நொதியே போதும். சோதனை ‘ஏ’ என்றே காட்டும், ஓ வெளியே தெரியாது. உங்களிடம் பி–ஓ, கணவரிடம் ஏ–ஓ இருந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் ஏ, பி, ஏபி, ஓ நான்குக்கும் தலா 25 சதவீத வாய்ப்பு. ஆர்ஹெச் நெகடிவும் அப்படித்தான்: பாசிடிவான இருவரும் ஒரு நெகடிவ் பிரதியை ஒளித்து வைத்திருக்கலாம்.

விதிக்கு முரணாகத் தோன்றும் முடிவு எதுவென்றால், பெற்றோர் இருவரும் ஓ, பிள்ளை ஏ என்று வருவது. அப்போதுகூட முதலில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்து பார்க்க வேண்டியது பம்பாய் வகை ரத்தம். 1952-ல் பம்பாயில் பெண்டேயும் சக மருத்துவர்களும் கண்டறிந்தது இது. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கு அடித்தளமான ‘ஹெச்’ என்ற பொருளே இவர்களிடம் உருவாகாது. ஆகவே ஏ மரபணு இருந்தும் சோதனையில் ஓ என்று தெரிவார்கள். பிள்ளைக்கு அந்த ஏ போய்ச் சேரும். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. செல்களை மட்டுமன்றி சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சோதிக்கும் இருவழிப் பரிசோதனையும் ஆன்டி-ஹெச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்கும். பிறந்த குழந்தையின் சீரத்தில் சொந்த எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிராது. அதனால் சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: என் மகளை என் அக்கா மகனுக்குக் கொடுக்கப் பேசுகிறோம். சொந்தத்தில் செய்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பார்க்க வேண்டிய சோதனை என்ன?
– வாசகர், விருதுநகர்

பதில்: பயமுறுத்தலும் தவறு, ‘எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் தவறு. கணக்காகப் பார்ப்போம். உங்கள் தந்தையிடம் தீங்கான ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் நோய் தருவது) ஒன்று ஒரு பிரதி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அதனால் எந்த நோயும் இராது. அது உங்களுக்கு வர இரண்டில் ஒன்று, உங்களிடமிருந்து மகளுக்குப் போக இரண்டில் ஒன்று. அக்கா வழியாக அவர் மகனுக்குப் போகவும் அப்படியே. நான்கு பாதிகளையும் பெருக்கினால் 16-ல் ஒன்று. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் சேர நான்கில் ஒன்று. ஆக மொத்தம் 64-ல் ஒன்று. தாய்மாமன் – அக்கா மகள் திருமணத்தில் இதே கணக்கு 32-ல் ஒன்று, இரட்டிப்பு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க 2–3 சதவீத வாய்ப்பு உண்டு; அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அதன்மேல் இன்னொரு 2–3 சதவீதம் கூடும். இது சராசரிதான். உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே பிறவிச் செவிடோ, காரணம் தெரியாத சிசு மரணமோ, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையோ இருந்தால் கணக்கு வெகுவாக மாறும்.

ஜாதகம் எடுப்பதற்கு முன் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்றை எழுதுங்கள். இறந்த குழந்தைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். மரபியல் ஆலோசகருக்கு வேறெதையும்விட அதுதான் உதவும். பையன், பெண் இருவருக்கும் முழு ரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் ஆய்வு செய்யுங்கள். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபணு ஒரு பிரதி இருக்கக்கூடும்; சிவப்பணுவை அரிவாள் வடிவமாக்கும் அரிவாளணு நோயின் மரபணுவும் இதே சோதனையில் தெரியும். இதில் ஒரு பொறி உண்டு. இரும்புச்சத்துக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டும். நம் பெண்களிடம் அக்குறை சாதாரணம். ஆகவே சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு (அறிக்கையில் எம்சிவி) 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே இருந்து ஏ2 சரியாக வந்தால், இரும்பு நிலையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பச் சோதிக்க வேண்டும். செவிட்டுத்தன்மை குடும்பத்தில் இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ரத்தத்திலிருந்து பிறவிச் செவிட்டுத்தன்மையோடு தொடர்புள்ள ஜிஜேபி2 மரபணுவை முதலில் பாருங்கள். நோயுள்ளவரிடம் எந்தப் பிழை என்று தெரிந்தால்தான் மணமக்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும்.

கேள்வி: விதையில்லாத் தர்பூசணி மரபணு மாற்றப் பயிரா?
– மாணவி, மதுரை

பதில்: இல்லை. சாதாரணத் தர்பூசணியின் 22 குரோமோசோம்களை கோல்சிசின் என்ற வேதிப்பொருள் கொண்டு 44 ஆக்கி, அதைச் சாதாரணச் செடியோடு இணைத்தால் 33 உள்ள செடி வரும். மூன்று தொகுதிகளைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை முற்றுவதில்லை. நாம் தின்னும் வாழைப்பழங்களில் பெரும்பாலானவையும் இதே மும்மடங்கு வகைதான். தற்செயலாக அவற்றிலும் 33 குரோமோசோம்களே.

கேள்வி: பி.டி. பருத்தியில் எடுத்த விதையை மறுவருடம் விதைத்தேன். செடிகள் ஒழுங்கில்லை, புழுவும் வந்தது. கம்பெனி விதைக்குள் ‘டெர்மினேட்டர்’ வைத்திருக்கிறது என்கிறார்களே?
– விவசாயி, பெரம்பலூர்

பதில்: மறுமுறை விதைத்தால் முளைக்காத விதையை உண்டாக்கும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது உண்மை, ஆனால் உலகில் எங்கும் விற்பனைக்கு வரவில்லை. அது இருந்திருந்தால் உங்கள் விதை முளைத்தே இருக்காது. நடந்தது வேறு.

நீங்கள் வாங்கியது வீரிய ஒட்டு விதை, அதாவது முதல் தலைமுறைக் கலப்பு. அதன் பூக்கள் தம்மில் தாமே சேர்ந்து உண்டாக்கும் விதையில் மரபணுக்கள் பிரிந்து புதிதாகச் சேர்கின்றன. உயரம், காய்ப் பருமன், முதிரும் நாள் எல்லாம் செடிக்குச் செடி மாறும். புழுவைக் கொல்லும் நஞ்சை உண்டாக்கும் பி.டி. மரபணுவும் அப்படியே பிரியும். நம் நாட்டில் 2002-ல் வந்த முதல் வகையில் கிரை1ஏசி என்ற ஒரு மரபணு; 2006-ல் வந்த இரண்டாம் வகையில் அதோடு கிரை2ஏபி. ஒட்டு விதையின் பெற்றோரில் ஒன்றில் மட்டும் இவை இருந்தால், அடுத்த தலைமுறையில் 16 விதைக்கு 9-ல் இரண்டும் இருக்கும், 6-ல் ஏதேனும் ஒன்று, 1-ல் எதுவுமே இராது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தப் பிரிவு உங்கள் வயலில் மறுவருடம் தொடங்குவதல்ல. முதல் வருடச் செடியின் காய்க்குள் இருக்கும் விதையே அடுத்த தலைமுறைதான். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விதையைத்தான் குடைந்து தின்கிறது. ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதையும் இல்லாத விதையும் கலந்து கிடப்பதால், ஓரளவு தாங்கும் திறனுள்ள புழு பிழைத்து வளர்கிறது. இந்தியாவில் இந்தப் புழு இரண்டு நஞ்சுக்கும் எதிர்ப்பு பெற்றதற்கு இதையும் ஒரு காரணமாகவே நான் பார்க்கிறேன். மற்றொரு காரணம் நம் கையிலேயே இருந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் ஒன்று தந்தார்களே, அதை வயலைச் சுற்றி விதைத்திருந்தால் நஞ்சுக்குச் சாகும் அந்துப்பூச்சிகள் அங்கே பெருகி, எதிர்ப்புள்ளவற்றோடு கலந்திருக்கும். எதிர்ப்பு மரபணு ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை குட்டிப்புழு நஞ்சுக்குச் சாகும். பலர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. இதை விவசாயியின் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஏன் என்று விளக்காமல் பொட்டலத்தை மட்டும் கொடுத்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் இரவுக்கு 8 அந்து வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடிக்கும் கட்டம். அல்லது 20 பச்சைக் காயைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் புழு இருந்தால் அதுவும் அதே எச்சரிக்கை. இதழ் விரியாமல் சுருண்டு ஒட்டிக்கொண்ட பூக்களைப் பறித்து அழியுங்கள், உள்ளே புழு இருக்கும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை வயலில் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: மனித இன்சுலின் மரபணுவை அப்படியே வெட்டி பாக்டீரியாவுக்குள் வைத்தால் இன்சுலின் வருமா?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வராது. நம் இன்சுலின் மரபணுவில் இரண்டு இன்ட்ரான்கள், அதாவது புரதத்துக்கான செய்தி இல்லாத இடைத்துண்டுகள், குறுக்கே உள்ளன. அவற்றை வெட்டி நீக்கும் ஏற்பாடு ஈ.கோலை பாக்டீரியாவிடம் இல்லை. 1978-ல் கலிஃபோர்னியாவில் இதைச் செய்தவர்கள் மனித மரபணுவை வெட்டவே இல்லை. 21 அமினோ அமிலம் கொண்ட ஏ சங்கிலிக்கும் 30 கொண்ட பி சங்கிலிக்கும் உரிய டிஎன்ஏவை வேதிமுறையில் தொகுத்து, இரண்டு தனித்தனி பாக்டீரியா வகைகளில் வைத்தார்கள். குட்டிப் புரதத்தை பாக்டீரியா சிதைத்துவிடாதபடி ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டி, இடையில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஒன்றை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருள் மெத்தியோனினில் மட்டுமே வெட்டும், இன்சுலினிலோ மெத்தியோனின் கிடையாது. ஆகவே இன்சுலின் சேதமின்றிக் கழன்று வந்தது. பிறகு இரு சங்கிலிகளிலும் உள்ள சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள ஆறு அமினோ அமிலங்களும் சரியான இணைகளாகச் சேர்ந்து மூன்று கந்தகப் பாலங்கள் அமைய வேண்டும். இணை மாறினால் மருந்தாகாது. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

உங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்மிட் (புது மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) ஏற்றும்போது: கால்சியம் குளோரைடில் பதப்படுத்திய செல்களைப் பிளாஸ்மிட்டோடு 30 நிமிடம் பனிக்கட்டியில் வையுங்கள். 42 டிகிரியில் 45 விநாடி, உடனே இரண்டு நிமிடம் பனிக்கட்டி. பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்து இல்லாத ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்ப்பதால்தான் பலருக்குத் தட்டு வெறுமையாக வருகிறது. பிளாஸ்மிட் தரும் எதிர்ப்பு நொதியைத் தயாரிக்குமுன்பே செல் மருந்தில் மாட்டிக்கொள்கிறது. தட்டை 16 முதல் 18 மணி நேரத்துக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். மேலும் விட்டால் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் காலனிகள் முளைக்கும். நடுவிலுள்ளது ஆம்பிசிலினை அழித்துவிட்டதால் பிளாஸ்மிட் இல்லாமலே வளர்ந்தவை அவை. அவற்றைக் குத்தி எடுக்காதீர்கள்.