அப்பாவுக்கு இரண்டு பாலிப் எடுத்துவிட்டு, பி.எஸ்.ஜி. விதிப்படி மறுபரிசோதனை வேண்டாம் என்கிறார்கள். இந்தச் சங்கம் யார் அதைச் சொல்ல?

கேள்வியின் சாரம் இது. லண்டனில் 66 வயது அப்பாவுக்குக் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்து, 4 மி.மீ. அளவில் இரண்டு சாதாரண அடினோமா பாலிப்பை, அதாவது நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு வளர்ச்சியை, எடுத்திருக்கிறார்கள். ‘பி.எஸ்.ஜி. வழிகாட்டுதல்படி கண்காணிப்பு தேவையில்லை’ என்று கடிதம் வந்திருக்கிறது. அது டாக்டர்களின் யூனியனா, என்.ஹெச்.எஸ்.ஸுக்கு (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவைக்கு) காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கும் அமைப்பா, யாரிடம் புகார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யூனியன் இல்லை. அரசு அலுவலகமும் இல்லை. மருத்துவருக்கு உரிமம் தருவதும் பறிப்பதும் ஜி.எம்.சி. என்ற பொது மருத்துவக் கவுன்சில். ஆஸ்பத்திரி நடத்துவது என்.ஹெச்.எஸ். பிரிட்டிஷ் இரைப்பை குடலியல் சங்கம், அதாவது பி.எஸ்.ஜி., 1937-இல் ஆர்தர் ஹர்ஸ்ட் தொடங்கிய ஒரு சிறு மருத்துவர் குழுவிலிருந்து வளர்ந்தது. இன்று அது பதிவுபெற்ற அறக்கட்டளை. 1960 முதல் ‘கட்’ என்ற ஆய்விதழ் அதன் பெயரில் வருகிறது. எந்த மருத்துவரையும் அது வேலையிலிருந்து நீக்க முடியாது. பிறகு எதற்கு அதன் பேச்சைக் கேட்கிறார்கள்? அளவுகோல் அவர்கள் கையில் இருப்பதால்.

2004-இல் அந்த இதழில் ஒரு கணக்கு வெளியானது. 9,223 கொலோனோஸ்கோபிகளை எடுத்துப் பார்த்தார்கள். குழாய் சீக்கம் வரை, அதாவது பெருங்குடலின் மறுமுனை வரை, போய்ச் சேர்ந்ததாக மருத்துவர்கள் எழுதியது 76.9 சதவீதம். போனதற்கு அடையாளம் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்த்தபோது அது 56.9 சதவீதமாக இறங்கியது. முழுதாகப் பார்த்துவிட்டதாக நம்பி வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேருக்குப் பாதிக் குடல்தான் பார்க்கப்பட்டதோ! தேசியப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் தொடங்கவிருந்த நேரம் அது. பயிற்சி, எண்டோஸ்கோபி யூனிட்டுகளுக்கு ஜாக் என்ற தரச்சான்று அமைப்பு தரும் அங்கீகாரம், ஒவ்வொரு மருத்துவரின் எண்களையும் பதிவு செய்வது எல்லாம் இறுகின. 2011-இல் 302 யூனிட்டுகளில் 20,085 பரிசோதனைகளை எண்ணியபோது சீக்கத்தை எட்டியது 92.3 சதவீதம். சங்கம் எதற்கு என்று கேட்டால் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். மாநாடு, விருது, இரவு விருந்து எல்லாம் இரண்டாம் பட்சம்.

இப்போதைய அளவுகோலும் இதுதான். ஒரு மருத்துவர் வருடத்துக்குக் குறைந்தது 100 கொலோனோஸ்கோபியாவது செய்ய வேண்டும். சீக்கத்தை எட்டுவது 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 100 பேரைப் பார்த்தால் 15 பேரிடமாவது அடினோமா கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத குடலில்கூடக் குழாயை வெளியே இழுக்கச் சராசரியாக 6 நிமிடமாவது எடுக்க வேண்டும், 10 என்றால் நல்லது. உள்ளே போகும்போது அதிகம் தேடுவதில்லை. திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் பார்ப்பார்கள். அவசரமாக இழுத்தால் பாலிப் தப்பிவிடும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் வெளியான வழிகாட்டுதல்படி, மறுபரிசோதனைக்கு அடினோமா அல்லது செரேட்டட் (ரம்பப் பல் போன்ற) வகைப் பாலிப் மொத்தம் ஐந்து அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது இரண்டு இருந்து, அதில் ஒன்றாவது 10 மி.மீ. அல்லது பெரியதாகவோ, மோசமான செல் மாற்றம் கொண்டதாகவோ இருக்க வேண்டும். அப்படியிருந்தால் 3 வருடத்தில் ஒரே ஒரு மறுபரிசோதனை. 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தட்டையாக இருந்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்திருந்தால் 2 முதல் 6 மாதத்துக்குள் அதே இடத்தை மறுபடி பார்ப்பார்கள். அப்பாவுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. சின்ன அடினோமாவை எடுத்துவிட்டால் அவருடைய ஆபத்து ஊரில் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகமில்லை. ஆனால் கொலோனோஸ்கோபிக்கு அரிதாகவென்றாலும் குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு. தபாலில் வரும் ஃபிட் மலப் பரிசோதனை (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுவது) 74 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை வரும். அதை அலமாரியில் போட்டுவிடாமல் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

‘நீ சங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறாய்’ என்று கமெண்ட் வரும். நான் உறுப்பினர் இல்லை. அதன் மாநாட்டில் மருந்து, கருவி நிறுவனங்கள் கடை போடுவதும் உண்மைதான். ஆனால் இந்த விதி எந்தக் குழாய்க் கம்பெனிக்கும் லாபம் தராது, பரிசோதனையைக் குறைக்கிற விதி இது. காசு மிச்சமாவதை மறுக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுத மாட்டார்கள். முதல் பரிசோதனை ஒழுங்காக நடந்திருந்தால்தான் இந்த விதி செல்லும். எனவே புகாருக்கு முன் ரிப்போர்ட்டை வாங்குங்கள். சீக்கம் எட்டியது என்று எழுதி, குடல்வால் துவாரத்தின் படமோ சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இலியோசீகல் வால்வின் படமோ இருக்கிறதா? குடல் சுத்தம் ‘போதாது’ என்று இருக்கிறதா? எடுத்த பாலிப் இரண்டும் லேபுக்குப் போய் முடிவு வந்ததா? இவற்றில் ஏதாவது இடித்தால் முதலில் எண்டோஸ்கோபி யூனிட்டுக்கு எழுதுங்கள், பிறகு ஆஸ்பத்திரியின் பால்ஸ் என்ற நோயாளி உதவி அலுவலகம். அதற்கும் மேல் ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர் அதிகாரி. பி.எஸ்.ஜி.க்கு எழுதிப் பலனில்லை, தனிநபர் புகாரை விசாரிப்பது அவர்கள் வேலை இல்லை. இடையில் மலத்தில் ரத்தம், எடை குறைவு, மலம் போகும் வழக்கத்தில் மாற்றம் என்று எது வந்தாலும் இந்தக் கடிதம் கணக்கில் வராது, உடனே ஜி.பி.யை (குடும்ப மருத்துவரை) பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடல் சுத்தம் போதாமல் போவதற்கு ஒரு காரணம், பரிசோதனைக்கு முன் என்ன சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரி தரும் உணவுத் தாள். டோஸ்ட், கோழி, உருளைக்கிழங்கு என்று இருக்கும். நம் வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது நம் சாப்பாடு இல்லை’ என்று ஒதுக்கிவிட்டு, கீரையும் முருங்கைக்காயும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் போவார். தக்காளி விதையும் கத்தரி விதையும் குழாயின் உறிஞ்சும் துவாரத்தை அடைத்துவிடும். கடைசி இரண்டு மூன்று நாள் வெள்ளைச் சோறு, வெள்ளை மாவு இடியாப்பம், மோர், முட்டை, மீன் போதும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக ஒட்ட வைக்கும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இரண்டையும் யூனிட்டைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்?