அடிக்கடி வீடு மாறும் பிள்ளை விளையாட்டில் நிலைக்க, நல்ல பயிற்சியாளர் மட்டும் போதுமா?

விளையாட்டில் திறமையுள்ள உங்கள் உறவுக்காரப் பையன் ஆண்டுக்கு இரண்டு வீடு மாறுகிறான் என்றும், அவனுக்கு நல்ல பயிற்சியாளர் அமைந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியாளரைப் பிறகு தேடிக்கொள்ளலாம், முதலில் அவன் தினமும் ஒரே வீட்டில் தூங்கி எழட்டும் என்பதே என் பதில். பல ஆண்டுகளாக வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்துப் பழகியவன் என்பதால், கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் குவித்த புள்ளிகளைக் காட்டிலும் வேறோர் எண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. நான்காம் வகுப்பில் அவர் பள்ளிக்கு வராத நாட்கள் 80க்கும் மேல்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகரில் 1984 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்தபோது, தாய் குளோரியாவுக்கு வயது 16. தந்தை உடனில்லை. 1987 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாட்டி திடீரென்று இறந்துபோனதும் அந்தப் பழைய வீட்டைக் கட்டிக்காக்க முடியாமல், தாயும் மகனும் உறவினர் வீடு, தெரிந்தவர் வீடு, நண்பர் வீட்டு சோபா என்று ஒதுங்கத் தொடங்கினார்கள். எந்த நேரத்திலும் கிளம்பத் தோதாக, தமக்கு வேண்டியவை அனைத்தும் ஒரு சிறு முதுகுப்பைக்குள் அடங்கியிருந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பதிவேட்டில் வரிசையாக விடுப்புக் குறி விழும் பெயரைப் பார்த்ததும் 'சோம்பேறி' என்று முடிவுகட்டிவிடும் பழக்கம் ஆசிரியர்களாகிய எங்களுக்கு உண்டு; அந்தப் பிள்ளை நேற்றிரவு எங்கே படுத்தான் என்று கேட்க எங்களுக்குத் தோன்றுவதில்லை.

அவருக்கு ஒன்பது வயதானபோது, சிறுவர் அணியொன்றுக்கு அமெரிக்கக் கால்பந்து கற்பித்த ஃபிராங்க் வாக்கர், தம் வீட்டில் அவரைத் தங்க வைத்துக்கொள்ள முன்வந்தார். இந்த இடத்தைப் பலரும் வாக்கரின் பெருந்தன்மையாகவே சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பெற்ற மகனை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு வாரக் கடைசியில் பார்க்கச் சம்மதித்த குளோரியாவின் முடிவு அதைவிடக் கடினமானது என்று நான் கருதுகிறேன்.

வாக்கர் வீட்டில் ஆடம்பரம் எதுவும் காத்திருக்கவில்லை. அங்கே மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களில் ஒருவனான ஃபிராங்கியின் அறையில்தான் இவருக்கும் இடம் கிடைத்தது. காலையில் குறித்த நேரத்தில் எழ வேண்டும், குளிக்க முறை உண்டு, வீட்டுப்பாடம் முடித்த பிறகே விளையாட்டு, பாத்திரம் துலக்குவதிலும் குப்பை கொட்டுவதிலும் அவருக்கும் பங்கு உண்டு. விருந்தாளியாக வைத்துக்கொண்டு வேலை சொல்லாமல் விட்டிருந்தால், இதையும் இன்னொரு சோபாவாகவே அவர் எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடைப்பந்தை அவருக்குப் பழக்கியவரும் இந்த வாக்கர்தான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் நடந்த மாற்றத்துக்குப் பந்தைக் காரணமாகச் சொல்ல முடியாது: அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

பிறகு குளோரியாவுக்கு ஸ்பிரிங் ஹில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு கிடைத்தது; மகனும் தாயுடன் வந்து சேர்ந்தார். 2003இல் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணி அவரை முதல் வீரராகத் தேர்ந்தெடுக்கும் காலம் வரை அவர்களுடைய முகவரி அதுவாகவே இருந்தது. பின்னாளில் தாம் தொடங்கிய படத்தயாரிப்பு நிறுவனத்துக்கும் அந்தக் குடியிருப்பின் பெயரையே சூட்டினார்.

ஆகவே அந்தப் பையனை இப்போதே வெளியூர் விடுதிக்கு அனுப்பிவிடலாமா என்று அவசரப்படாதீர்கள். இரண்டு ஆண்டுகளாவது அசையாமல் இருக்கக்கூடிய வீடு உறவில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். தாயும் அதே ஊரில், வாரந்தோறும் வந்து பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே அவனுக்கும் ஒரு வேலை ஒதுக்கச் சொல்லுங்கள்.

லெப்ரானின் அறக்கட்டளை அக்ரன் நகரப் பள்ளி நிர்வாகத்துடன் சேர்ந்து 2018இல் ஒரு பள்ளியைத் திறந்தது. வீடின்றித் தவிக்கும் அதன் மாணவர் குடும்பங்கள் தற்காலிகமாகத் தங்க, 2020இல் ஒரு கட்டடத்தையும் ஏற்பாடு செய்தது. அந்தப் பள்ளி முதலில் சேர்த்துக்கொண்டது மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை. நான்காம் வகுப்பு அதில் இடம்பெற்றதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.