கல்லட்டி ஏற கார்பன் வீல் வேண்டாம்

கேள்வி: வயது 43, கோவை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ரோடு பைக்கில் ஏறப் போய், பாதியில் இறங்கித் தள்ளினேன். முழங்கால் இரண்டு நாள் வலித்தது. கியர் முன்னால் 50-34 பல், பின்னால் 11 முதல் 28 பல் வரை (11-28). கார்பன் வீல் போட்டால் ஏறிவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: பணத்தைப் பையிலேயே வையுங்கள். அந்த வீலில் மிஞ்சிப்போனால் அரைக் கிலோ குறையும். நீங்களும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது எந்த மூலைக்கு? கடைக்காரருக்கு வீலில் லாபம் அதிகம், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கியர்தான் பத்தவில்லை. உங்கள் மிக லேசான கியரே முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால் ஒரு சுற்று மிதிக்கு பைக் இரண்டரை மீட்டர் போகும். 36 கொண்டை ஊசி வளைவுக்கும் அப்படி மிதித்தால் முழங்கால் என்னாவது? 11-34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான், மிதிக்கும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மெதுவாகத்தான் போவீர்கள், போகட்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். பின்பக்க டிரெய்லியரில் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் கூடு குட்டையா, நீளமா? உதாரணத்துக்கு ஷிமானோ 105 ஆர்7000-இல் குட்டைக் கூடு 30 பல் வரைதான் தாங்கும். நீளமானது 34 வரை. குட்டை என்றால் டிரெய்லியரையும் மாற்ற வேண்டும். எதுவானாலும் செயினைப் புதிதாக அளந்து போடச் சொல்லுங்கள். பழைய செயினோடு கேசட்டை மட்டும் மாட்டித் தரும் மெக்கானிக்குகள் உண்டு. முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்துக்குத் தெரியாமல் தள்ளினால் செயின் விறைத்து, டிரெய்லியர் தொங்கும் ஹேங்கரே முறியும். எனக்கு முறிந்தது, அந்தத் துண்டு வர மூன்று வாரம். வாங்குபவர் ஊரில் மலை உண்டா என்று கேட்காமலே 11-28 பைக்கை விற்கிறார்கள். பிறகு பாகத்துக்கு நாம் காத்துக் கிடக்க வேண்டும்.

ஏறும்போது உட்கார்ந்தே மிதியுங்கள். வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள்; பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கறகறக்கும். இடது வளைவில் உள்விளிம்புதான் செங்குத்து. எதிரே வண்டி இல்லையென்று தெரிந்தால் கொஞ்சம் அகலமாகத் திரும்புங்கள். தெரியாவிட்டால் ஓரத்திலேயே ஏறுங்கள், இல்லை இறங்கித் தள்ளுங்கள்.