ராத்திரி வந்த அப்டேட், காலையில் காணாமல்போன நிறங்கள்

கேள்வி: கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. வீட்டு முன்னறையில் ஒரே கம்ப்யூட்டர், ஆள் நான் ஒருவன்தான். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படம் வரும். அதைப் பிரித்து அடுக்க ஆண்டுச் சந்தா கட்டி ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். பார்ட்டி இன்னும் பார்க்காத படத்துக்குச் சிவப்பு லேபிள், திருத்தம் சொன்னதற்கு மஞ்சள், பிரிண்டுக்குப் போகலாம் என்றால் பச்சை. ஆறு வருடப் பழக்கம். போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக அது தானே அப்டேட் ஆகிவிட்டது. காலையில் திறந்தால் ஒரு நிறமும் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, "தோற்றத்தை எளிமையாக்க அந்த வசதியை எடுத்துவிட்டோம்" என்கிறார்கள். இரண்டு ஆல்பத்தில் எது ஓகே ஆனது, எது ஆகவில்லை என்றே தெரியவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கோர்ட் அப்புறம். முதலில் அந்த மென்பொருளில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்துவிடுங்கள். நிறம் திரையில் தெரியாமல் போவது வேறு, நிறத்தின் பதிவே அழிவது வேறு. உங்களுக்கு நடந்தது முதலாவதாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இதை எப்படிப் பார்ப்பது? லேபிளின் பதிவு மூன்றில் ஓரிடத்தில் இருக்கும். ஒன்று, மென்பொருளின் சொந்தக் கேட்டலாக், அதாவது படங்களின் விவரத்தை அது எழுதிவைக்கும் பட்டியல் கோப்பு. இரண்டு, படத்தோடு ஒட்டிய எக்ஸ்எம்பி தகவல், அதாவது பல மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவில் எழுதிய குறிப்பு. இது ஜேபெக் படமென்றால் படத்துக்குள்ளேயே இருக்கும். ரா (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) என்றால் பக்கத்தில் அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பாக இருக்கும். மூன்று, கம்ப்யூட்டரின் இயங்குதளம் கோப்போடு வைக்கும் குறிப்பு.

இரண்டாவது வகை என்றால் அதிர்ஷ்டம்தான். படங்களின் நகலை லேபிள் காட்டக்கூடிய வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸ்எம்பியில் பதிவாவது நிறம் அல்ல, ஒரு சொல். அடோபியின் லைட்ரூம் சிவப்புக்கு வழக்கமாக 'ரெட்' என்று எழுதும். அதே அடோபியின் பிரிட்ஜ் அதே சிவப்புக்கு 'செலக்ட்' என்று எழுதும். ஒன்றில் போட்ட சிவப்பு மற்றதில் வெள்ளையாகத் தெரிந்தால் காரணம் இதுதான். செட்டிங்கில் இரண்டின் பெயரையும் ஒன்றாக்கினால் நிறம் திரும்பிவிடும். உங்களுக்கும் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், பதிவு உயிரோடு இருக்கிறது.

கேட்டலாக்கில் மட்டும் இருந்தால் கொஞ்சம் பாடு. பழைய பதிப்பின் இன்ஸ்டாலரை நிறுவனத்திடம் கேளுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். புதிய பதிப்பு கேட்டலாக்கைத் தன் வடிவத்துக்கு மாற்றியிருந்தால் பழையதால் அதைத் திறக்க முடியாமல் போகலாம். அதனால் அப்டேட்டுக்கு முந்தைய பேக்கப்பைத் தேடி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் பழைய பதிப்பைப் போட்டு அதில் திறந்து பாருங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் அல்ல. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் 1991-இல் வந்த சிஸ்டம் 7 இயங்குதளத்திலேயே லேபிள் மெனு இருந்தது. 2001-இல் ஓஎஸ் எக்ஸ் என்ற புதிய இயங்குதளம் வந்தபோது அதைக் காணோம். 2003 அக்டோபரில் பேந்தர் பதிப்பில் திரும்ப வந்தது. பத்து வருடம் கழித்து, 2013 அக்டோபரில் வந்த மேவரிக்ஸ், லேபிளை 'டேக்' என்று மாற்றியது. அதுவரை கோப்பின் பெயர் முழுக்கப் பட்டையாகப் பூசியிருந்த நிறம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டாகச் சுருங்கியது. ஒரு கோப்புக்குப் பல டேக் போடலாம், வேண்டிய பெயர் வைக்கலாம், தேடலாம் என்று வசதி கூடியது உண்மைதான். ஆனால் நானூறு கோப்பை ஒரே பார்வையில் மேயும் ஆளுக்குப் பட்டை வேறு, பொட்டு வேறு. பட்டையைத் திருப்பித் தரும் துணைச் செயலிகளைத் தேடிப் போட்டவர்கள் உண்டு. ஒன்று சொல்ல வேண்டும்: பழைய லேபிள்கள் அழியவில்லை, டேக்காக மாறி வந்தன. உங்கள் நிறுவனம் அந்த அளவு கூடச் செய்யவில்லை, முன்கூட்டி ஒரு வரி சொல்லவும் இல்லை. வசதியை எடுத்ததைவிட சொல்லாமல் எடுத்ததுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று அவர்கள் முதலில் வாதாடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. முன்னறை, ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால்தான் முக்கியம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே (நீங்கள் சொல்லும் கோர்ட் இதுதான்) வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு.

ஆனால் ஜெயிப்பீர்களா? 'வசதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்ற வரி ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். படிக்காமல் நாம் எல்லோரும் 'சம்மதம்' அழுத்திய ஒப்பந்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விஷயத்துக்கே தனி விதி இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து, ஒரு மாற்றம் வாடிக்கையாளரைக் கணிசமாகப் பாதித்தால் அவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தைச் செலவில்லாமல் முறிக்கலாம். கூடுதல் காசு கேட்காமல் பழைய நிலையிலேயே வைத்திருக்க நிறுவனம் வழி செய்தால் மட்டும் அந்த உரிமை இல்லை. நம் சட்டத்தில் இவ்வளவு பளிச்சென்று எழுதவில்லை. சேவைக் குறைபாடு என்றுதான் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை: கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். பழைய பதிப்பைக் கொடு, இல்லையென்றால் சந்தாவில் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பு, 15 நாள் அவகாசம். அவ்வளவுதான். வசதியை விளம்பரத்தில் காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இணையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆணையம். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று ஆரம்பித்தால் சின்ன நியாயமும் கையை விட்டுப் போகும்.

அந்த இரண்டு ஆல்பத்துக்கு வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். பார்ட்டி எந்தப் படத்துக்கு ஓகே சொன்னார் என்பது அங்கே தேதியோடு கிடக்கும்.

கேள்வி: இனிமேல் அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிடலாமா?

பதில்: இயங்குதளத்தின் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தாதீர்கள், பணம் வரவு செலவு பார்க்கும் கம்ப்யூட்டராக இருந்தால் அறவே கூடாது. வேலை மென்பொருளின் பெரிய பதிப்பு மாற்றத்தை மட்டும் கையால் செய்வது போல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கையில் இருக்கும் ஆல்பம் டெலிவரி ஆன பிறகு. மூன்று நிறத்துக்கும் கோப்பின் பெயரிலேயே ஓர் எழுத்து சேர்த்துவிடுங்கள்: பார்க்காததற்கு 'பா', திருத்தத்துக்கு 'தி', ஓகேவுக்கு 'ஓ'. நூற்றுக்கணக்கில் பெயர் மாற்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பென்டிரைவில் போட்டு லேபுக்குக் கொடுத்தாலும் அந்த எழுத்து கூடவே போகும்.