படகுக்கு மலிவு வாக்கி டாக்கி போதுமா?

கேள்வி: எங்களுடையது 6 மீட்டர் திறந்த படகு. கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கி இரண்டு வாங்கினால் போதாதா? லைசென்ஸ் அவசியமா?

பதில்: போதாது. ஆபத்து வந்தால் கடலோரக் காவல் நிலையமும் அக்கம்பக்கத்துக் கப்பல்களும் காது கொடுப்பது கடல்சார் வி.எச்.எஃப் எனும் வானொலி அலைவரிசையின் 16ஆம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில். மலிவு செட்டையும் அந்த அலைவரிசைக்குத் திருப்பிவிடலாம் என்பார்கள். ஆனால் கடல் பயன்பாட்டுக்கான அங்கீகாரம் அதற்கு இருக்காது. பெரும்பாலும் தண்ணீரும் தாங்காது.

பேச்சு எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது செட்டின் வாட்டை (சக்தியை) விட ஆன்டெனாவின் உயரம்தான். மீட்டர் கணக்கில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். இரு முனைக்கும் இப்படிக் கண்டு கூட்டினால் கிலோமீட்டரில் தூரம் வரும். உட்கார்ந்தபடி கையில் பிடித்த செட் 1 மீட்டர் உயரம் என்றால், இரு படகுகளுக்கிடையே சுமார் 8 கிலோமீட்டர். இருவரிடமும் 4 மீட்டர் உயர ஆன்டெனா இருந்தால் 16. ஆகவே, டி.எஸ்.சி (சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஆபத்து அழைப்பைத் தானாக அனுப்பும்) வசதியுள்ள 25 வாட் செட்டை உயரமான ஆன்டெனாவோடு படகில் பொருத்துங்கள். நீர்புகாத, மிதக்கும் 5 வாட் கைக்கருவி ஒன்று துணைக்கு இருக்கட்டும்.

கெடுவது பெரும்பாலும் செட் அல்ல, வயரிங். கேட்கும்போது குறைந்த மின்சாரமே போதும். பேசும் பட்டனை அழுத்தியதும் 5, 6 ஆம்பியர் இழுக்கும். வயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் சரிந்து, சரியாக அந்த நேரத்தில் செட் அணைந்துவிடும். நன்றாகக் கேட்கிறதே என்று நம்பியிருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், தனி ஃபியூஸ். ஆன்டெனா கனெக்டரில் உப்புநீர் இறங்கினால் கேபிளின் செம்புப் பின்னல் பச்சை பூத்துவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். ஆன்டெனா மாட்டாமல் பேசும் பட்டனைத் தொடாதீர்கள்.

லைசென்ஸ் விதி நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகக் கேட்பவை மூன்று: படகின் வானொலி நிலைய உரிமம், எம்.எம்.எஸ்.ஐ எனும் 9 இலக்க அடையாள எண், இயக்குபவருக்கான சான்றிதழ். கைக்கருவிக்குச் சில நாடுகளில் உரிமம் தனி. அங்கீகாரம் பெற்ற மாடல்தானா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். எம்.எம்.எஸ்.ஐ எண்ணைப் பல செட்களில் ஓரிரு முறைதான் பதிய முடியும். தவறிப்போனால் டீலரிடம்தான் கொண்டுபோக வேண்டும். அந்த எண் இல்லாமல் சிவப்பு ஆபத்து பட்டன் வேலை செய்யாது. ஜி.பி.எஸ் இணைக்காவிட்டால் அழைப்பு போகும், இருக்கும் இடம் தானாகப் போகாது.

சோதிப்பதற்காக அந்தப் பட்டனை அழுத்தவே கூடாது. கைதவறி அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அழைப்பை ரத்து செய்து, 16ஆம் சேனலில் படகின் பெயரையும் எம்.எம்.எஸ்.ஐ எண்ணையும் சொல்லி, தவறுதலாகப் போனது என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவியுங்கள்.