கார் இன்சூரன்ஸ் ஆட்-ஆன்: கேளுங்கள், சொல்கிறேன்

மோட்டார் க்ளெய்ம் பார்க்கும் சர்வேயர் நான். ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பாலிசியோடு கூடுதலாக வாங்கும் ஆட்-ஆன்கள் பற்றிக் கேளுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான) பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இவை கிடைக்காது.

பம்பர் டு பம்பர் எடுத்தால் எல்லாச் செலவும் வந்துவிடுமா?

வராது. அந்தப் பெயரே தவறான நம்பிக்கை தருகிறது. ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்தான் அது. சாதாரண பாலிசியில், மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி, ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுதான் கணக்கு: முதல் 6 மாதம் ஒன்றும் இல்லை, 4 வருடம் தாண்டினால் 35 சதவீதம். 12,000 ரூபாய்க்கு பிளாஸ்டிக் பம்பர் மாற்றினால் 6,000 உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் அந்த 6,000 மிச்சம். ஆனால் ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயை (1,500 சிசிக்கு மேல் 2,000) அப்போதும் நீங்கள்தான் கட்ட வேண்டும். வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்ற வரம்பும் பல பாலிசிகளில் உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னையில் இருக்கிறேன். இன்ஜின் புரொடெக்ட் தேவையா?

கட்டாயம் எடுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் பணம் தரும் ஆட்-ஆன் இது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். வெள்ளத்தில் நின்ற காரின் சீட், வயரிங் சேதத்துக்குச் சாதாரண பாலிசியே பணம் தரும். சிக்கல் இன்ஜினில்தான். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அழுத்துவது போலத் தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கே உடையும். அது வெள்ளத்தால் நேராக வந்த சேதம் இல்லை, பின்விளைவு என்று கம்பெனி மறுத்துவிடும்.

ஆகவே, தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் திருகாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டி வைத்து எடுத்துப் போங்கள்.

நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை. சுரங்கப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. அதுவும் வெள்ளம்தானே? ஏன் தனியாகப் பணம் கட்ட வேண்டும்?

நியாயமான கோபம். நானும் இதைப் பற்றிச் சக சர்வேயர்களோடு வாதாடியிருக்கிறேன். தேங்கிய தண்ணீர் என்று தெரிந்தே இறக்கினீர்கள் என்பது கம்பெனியின் வாதம். இருட்டில், பின்னால் வண்டிகள் நெருக்க, ஆழம் யாருக்குத் தெரியும் என்பது உங்கள் வாதம். என் மனசு உங்கள் பக்கம்தான். ஆனாலும் பாலிசி வாசகம் அவர்கள் பக்கம் சாய்கிறது.

அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர் அதிகாரியிடம்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. வண்டி நின்ற இடத்தின் படம், இழுவை வண்டி ரசீது இரண்டும் இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை என்று காட்ட உதவும்.

ஜீரோ டெப் இருந்தால் இன்ஜின் சேதம் கிடைக்குமா?

கிடைக்காது. இரண்டும் வேறு.

ஜீரோ டெப் போட்டிருக்கிறேன், வெள்ளத்தில் இன்ஜின் போனால்...

இதே கேள்விதான், இதற்கு மேலேயே பதில் இருக்கிறது. சாவியைத் திருகாதீர்கள் என்பதை மட்டும் மறுபடி சொல்கிறேன்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பயனுள்ளதா?

புது வண்டிக்கு நல்லது. வண்டி திருடு போனால் கம்பெனி ஐடிவியைத்தான், அதாவது தேய்மானம் கழித்து பாலிசியில் போட்டிருக்கும் வண்டியின் மதிப்பைத்தான் தரும். ஒரு வருடம் தாண்டிய காருக்கு ஐடிவியில் 20 சதவீதம் குறைந்துவிடும், இரண்டு வருடம் தாண்டினால் 30. 10 லட்சம் ரூபாய் வண்டி 8 லட்சம், 7 லட்சம் என்று இறங்கும். இந்த ஆட்-ஆன் அந்த இடைவெளியை நிரப்பும். ரோடு டாக்ஸும் பதிவுச் செலவும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு நஷ்டம் என்று முடிவானாலும் இது பொருந்தும்.

சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடலாமா?

என்சிபியை (நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) கணக்குப் போட்டுப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20, அப்புறம் 25, 35, 45, 50 சதவீதம். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும். 50-ல் இருப்பவர் 3,000 ரூபாய்க் கீறலுக்காக அதை இழக்கக் கூடாது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் க்ளெய்மே போடாதவருக்கும் அது போய்விடும்.

காரை விற்கிறேன். என்சிபி வாங்குபவருக்கா?

உங்களுக்குத்தான். கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, 3 வருடத்துக்குள் வாங்கும் புதுக் காரில் பயன்படுத்துங்கள்.

குடும்பத்துக்கு எந்த மெடிக்கல் பாலிசி நல்லது?

என் துறை இல்லை. அதில் அனுபவம் உள்ளவரைக் கேளுங்கள்.

சிஎன்ஜி கிட் வெளியே மாட்டினேன். சொல்ல வேண்டுமா?

உடனே சொல்லுங்கள். ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற வேண்டும்.